பிட்டு காவேரி ராஜாராமன்

பிட்டு காவேரி ராஜாராமன் விலங்குகளின் நடத்தையையும் நரம்பியலையும் ஆராய்பவர். தம்மைத் திருநர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே ஆய்வுத்துறையில் நிலைபெற்ற மிகச்சில இந்தியருள் ஒருவர். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ரோகிணி பாலகிருஷ்ணனின் குழுவில் ஆய்வு செய்தபின், சோனிபத்தில் உள்ள அசோகா பல்கலைக்கழகத்தில் உயிரியலும் உளவியலும் கற்பிக்கும் ஆசிரியரானார். அவரது பெங்களூரு ஆய்வு ‘ஓனோமார்க்கஸ் யூனினோடேட்டஸ்’ என்னும் வெட்டுக்கிளி வகையைப் பற்றியது. இதன் ஆண், ஏறத்தாழ 3.2 கிலோஹெர்ட்ஸ் அளவில், தன் உறவினங்களில் அரிதான தாழ்ந்த சுருதியில் ஒலியெழுப்பும். பெண் பதிலுக்கு உடலை உதறிக் கிளையை அதிரவைக்கும்; அந்த அதிர்வைப் பிடித்துக்கொண்டு ஆண் தேடிப்போகும். 2015இல் வெளியான இந்த முடிவு, பூச்சிகளின் இணைதேடலில் ஒலியும் அதிர்வும் எப்படிக் கைகோக்கின்றன என்பதைக் காட்டிய அழகான வேலை.

இதைச் சரிபார்க்க ஆய்வாளரின் பாலினம் தெரியவேண்டியதில்லையே, பிறகு அடையாளத்தை ஏன் பேசவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியின் முதற்பாதி முற்றிலும் சரி. ஆனால் சான்றைக் கருவி அளக்கிறது. ஆளை மனிதர்கள்தான் அளக்கிறார்கள். அமெரிக்க நரம்பியல் அறிஞர் பென் பாரஸ் (1954–2017) பெண்ணாக அறியப்பட்டிருந்து, 1997இல் ஆணாக மாறியவர். அதன்பின் அவர் நிகழ்த்திய உரையைக் கேட்ட ஒருவர், இவருடைய ஆய்வு இவர் தங்கையினுடையதைவிட எவ்வளவோ மேல் என்றார். அந்தத் ‘தங்கை’யும் பாரஸ்தான். ஒரே ஆள், ஒரே மூளை, இருவேறு மதிப்பெண். ‘நேச்சர்’ இதழில் 2006இல் பாரஸ் எழுதிய கட்டுரை இந்த ஓரவஞ்சனையைத்தான் ஆதாரங்களோடு எடுத்துவைத்தது. தகுதி மட்டுமே பார்க்கிறோம் என்பவர்கள் முதலில் பதில் சொல்லவேண்டியது இதற்கு.

இந்தியாவில் இழப்பு ஆய்வகத்துக்கு வெகுமுன்பே நேர்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பாலினம் ‘பிறர்’ என்று பதிவானவர்கள் ஏறத்தாழ 4.88 லட்சம், அவர்களின் எழுத்தறிவு சுமார் 56 விழுக்காடு, நாட்டின் சராசரியோ 73. வீட்டைவிட்டுத் துரத்தப்படும் பிள்ளைக்குச் சாதியும் வறுமையும் சேர்ந்தே தடையாகின்றன. தமிழ்நாட்டுத் திருநர் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு போன்றோரும் ராஜாராமனும் கிடைமட்ட இடஒதுக்கீடு கேட்பது இதனால்தான்: பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்டோர், பொது என ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் திருநருக்குத் தனி இடம். இடஒதுக்கீட்டை 2014இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. 2019 திருநர் சட்டத்தில் அது இடம்பெறவில்லை. கர்நாடகம் மட்டும் 2021 ஜூலையில் மாநில அரசுப் பணிகளில் 1 விழுக்காட்டைக் கிடைமட்டமாக ஒதுக்கி நாட்டுக்கே முதலில் வழிகாட்டியது. இதனால் தரம் குறையும் என்ற அச்சம் பொருந்தாது. பணிக்கான கல்வித்தகுதி அப்படியே இருக்கிறது, போட்டிக்குள் வரும் வாசல்தான் அகலமாகிறது. குறை வேறிடத்தில் உள்ளது: ராஜாராமன் ஆய்வு செய்த இந்திய அறிவியல் கழகம் ஒன்றிய அரசின் நிதியில் இயங்குவது. மாநில விதி அதன் ஆசிரியர் பணியிடங்களைத் தொடுவதில்லை.