பாரிட் புந்தார்: பால்மரத்துக்கு முன்பே வேர்விட்ட தமிழர்கள்

பேராக் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் உள்ள பாரிட் புந்தார், கிரியான் மாவட்டத்தின் தலைமைப் பட்டணம். கிரியான் ஆற்றைக் கடந்தால் பினாங்கின் நிபோங் திபாலும் கெடாவின் பண்டார் பாருவும் வந்துவிடும். அதனால் மூன்று மாநில மக்களும் அன்றாடம் வந்து போகும் ஊர் இது.

நம்மவர்கள் இந்நாட்டுக்குப் பால்மரம் வெட்ட வந்தார்கள் என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. கிரியானில் வரலாறு அதற்கும் முந்தியது.

கரும்புக் காலம்

1880-களிலேயே இங்கு பெரிய கரும்புத் தோட்டங்கள் இருந்தன. குலா, களும்பாங் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. மலாயில் 'குலா' என்றால் சீனி. அங்கு வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து சஞ்சிக்கூலிகளாக நம் முன்னோர் கொண்டுவரப்பட்டனர். ஒப்பந்தக் காலம் முடியும்வரை தோட்டத்தை விட்டுப் போக அவர்களுக்கு உரிமை இல்லை. 1910-இல் மலாயாவில் சஞ்சிக்கூலி முறை நிறுத்தப்பட்டது. அதே காலத்தில் ரப்பர் விலை ஏறியதால் கரும்பு நிலங்கள் ரப்பருக்கு மாறின. பின்னர் செம்பனை வந்தது.

ஆற்றுக்கு அப்பால் நிபோங் திபாலில் உள்ள கலிடோனியா தோட்டமும் கரும்பில் தொடங்கியதே. அதன் '99 கதவு மாளிகை'யில் 1948-இல் உரிமையாளர் ஜோன் ராம்ஸ்டன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சொந்த நிலம் கண்டவர்கள்

எல்லாரும் லயத்தில் வாழவில்லை. பிரெஞ்சுப் பாதிரியார் ரெனே ஃபே, 1880-களில் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்க விவசாயிகளுக்கென ஒரு குடியிருப்பை அமைத்தார். அவர் 1896-இல் மலாக்கா ஆயரானார். தோட்டக் கூலியாக மட்டுமன்றி, பயிர்செய்யும் குடியானவராகவும் தமிழர் இம்மாவட்டத்தில் கால் ஊன்றினர் என்பதற்கு அக்குடியிருப்பு சான்று.

நெல்லும் நீரும்

கரும்பு, நெல் இரண்டுக்குமே தண்ணீர் தேவைப்பட்டது. மழையை மட்டும் நம்பிய வயல்களுக்காக புக்கிட் மேராவில் அணை கட்டி, கால்வாய் வெட்டி, 1906-இல் கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் நிறைவேற்றப்பட்டது. கிரியான் இன்றும் பேராக்கின் நெற்களஞ்சியம். புக்கிட் மேரா ஏரியின் நடுவே ரயில் பாதை செல்வதைப் பயணிகள் பலர் பார்த்திருப்பார்கள்.

எஞ்சியிருப்பவை

கரும்பு ஆலைகளின் காலம் முடிந்துவிட்டது. தோட்டப் பெயர்களோ குலா, களும்பாங் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் நிலைத்திருக்கின்றன. தோட்டங்கள் கைமாறி, மக்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த பிறகு, குடும்பத்தின் தொடக்கத்தைச் சொல்லக்கூடியவை பழைய பிறப்புப் பத்திரம், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கோயில் கணக்கேடு, வீட்டுப் பெரியவர்களின் நினைவு ஆகியவைதான். தாத்தா பாட்டி எந்தத் தோட்டத்தில் பிறந்தார்கள் என்பதை இன்றே கேட்டு எழுதி வைப்போம். அந்த வரலாற்றை நமக்காக வேறு யாரும் எழுதி வைக்கப் போவதில்லை.