கருமணலும் சிறுதேரும்

சிறுதேர் உருட்டுதல் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மிகப் பழைய விளையாட்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையிலே, முற்றத்தில் உலரும் உணவைக் கவர வந்த கோழியை விரட்டப் பெண்கள் தம் காதணியைக் கழற்றி எறிகின்றனர். அவ்வணி நிலத்திலே கிடந்து, குதிரை பூட்டாமல் சிறுவர் உருட்டி வரும் மூன்று சக்கரத் தேரின் வழியை மறிக்கின்றது. பட்டினத்தின் செல்வ வளத்தைக் காட்டுவதற்காகப் புலவர் எடுத்துக்கொண்ட காட்சி அது. ஆயினும் சிறுவர் விளையாட்டின் வரலாற்றுக்கும் அது அரிய சான்றாகும். அதே புலவர் பெரும்பாணாற்றுப்படையில், ஏறிச் செல்வதற்கன்றி உருட்டி மகிழ்வதற்கென்றே தச்சர் செய்த தேரைக் குறிப்பிடுகின்றார். பிற்காலத்தில் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியானதாகச் சிறுதேர் அமைந்தது.

இவ்விளையாட்டு தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. சிந்துவெளி நகரங்களை அகழ்ந்தோர் சுடுமண்ணாற் செய்த சிறு வண்டிகளைப் பெருந்தொகையாகக் கண்டெடுத்தனர். வடமொழியிலே சூத்திரகர் இயற்றிய நாடகமொன்றின் பெயரே மிருச்சகடிகம், அதாவது மண் வண்டி என்பதாகும். வறுமையுற்ற சாருதத்தனின் மகன் தனக்குக் கொடுத்த மண் வண்டியை வேண்டாமென்று அழுகிறான். அயல்வீட்டுச் சிறுவனிடம் கண்ட பொன் வண்டியே வேண்டும் என்கிறான். வசந்தசேனை தன் அணிகளைக் கழற்றி அம்மண் வண்டியை நிரப்புகிறாள். விளையாட்டு வண்டி எப்பொருளால் ஆனது என்பது குழந்தைக்கும் பெற்றோருக்கும் எக்காலத்தும் ஒரு பொருட்டாகவே இருந்து வந்துள்ளது. மரம், மண், பொன் என்று அன்று எழுந்த அவ்வினா, இருபதாம் நூற்றாண்டிலே ஈயம், நாகம், வர்ணப்பூச்சு என்று வேறு வடிவம் கொண்டது. அவ்வினாவுக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று புல்மோட்டைக் கடற்கரையிலே கருநிற மணலாகக் கிடக்கின்றது.

பழைய சிறுதேருக்கும் இக்காலத்து மாதிரிக் காருக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு அளவு. தச்சன் செய்த சிறுதேர் தேரை நினைவூட்டினாற் போதும். மாதிரிக் காரோ மூலக் காரின் ஒவ்வோர் உறுப்பையும் ஒரே விகிதத்திற் சுருக்கிக் காட்டவேண்டும். 1:43 என்றால், மூலத்தில் 43 அலகு நீளமுள்ளது மாதிரியில் 1 அலகு என்பது பொருள். 4 மீற்றர் 30 சென்ரிமீற்றர் நீளமான கார் இவ்விகிதத்தில் 10 சென்ரிமீற்றராகும்; 1:64 விகிதத்தில் ஏழு சென்ரிமீற்றருக்கும் குறைந்து உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். 1:43 என்னும் விகிதம் விளையாட்டு இரயில்களோடு தொடர்புடையது. ஓர் அடியை 7 மில்லிமீற்றராகச் சுருக்கிய இரயில்களின் பக்கத்தில் நிறுத்துவதற்கு ஏற்ற வண்டிகள் தேவைப்பட்டன.

அத்தேவையை நிறைவு செய்தவர் இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரிலே மெக்கானோ நிறுவனத்தை நடத்திய பிராங்க் ஹோர்ன்பி ஆவார். இரயில் நிலையக் காட்சிக்குத் துணைப்பொருளாக அவர் வெளியிட்ட சிறு வண்டிகள் 1934-இல் டிங்கி டோய்ஸ் என்னும் பெயர் பெற்றன. அமெரிக்காவிலே சிக்காகோவின் டௌஸ்ட் சகோதரர்கள் அதற்கு முன்னரே உலோக வார்ப்பில் கார்களைச் செய்திருந்தனர். உருகிய உலோகத்தை எஃகு அச்சினுள் அழுத்தத்தோடு செலுத்திக் கணப்பொழுதில் குளிரவைக்கும் இம்முறையால், ஒரே வடிவமான வண்டிகளை ஆயிரக்கணக்கில் வார்க்க முடிந்தது. 1947-இல் இலண்டனிலே தொடங்கிய லெஸ்னி நிறுவனம், 1953-இல் தீப்பெட்டியளவான பெட்டிகளில் மாட்ச்பொக்ஸ் வண்டிகளை விற்கத் தொடங்கியது. அதன் பொறியியலாளர் ஜாக் ஓடெலின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளை மட்டுமே கொண்டுவரலாம் என்ற விதி இருந்ததாம். மகளுக்காக அவர் செய்த சிறு வீதியுருளையே அவ்வரிசைக்கு வித்திட்டது என்பர். 1956-இல் கண்ணாடிச் சாளரங்களைப் போன்ற பிளாஸ்டிக் சாளரங்களோடு கோர்கி வண்டிகள் வந்தன. 1968-இல் அமெரிக்காவின் மட்டெல் நிறுவனம் ஹொட் வீல்ஸ் வண்டிகளை அறிமுகஞ் செய்தது.

இந்தியத் துணைக்கண்டமும் இவ்வரலாற்றினின்று ஒதுங்கியிருக்கவில்லை. 1960-களின் பிற்பகுதியில், டிங்கி வண்டிகளின் பழைய அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தன. அவற்றைக் கொண்டு அங்கே வார்க்கப்பட்ட வண்டிகள் நிக்கி டோய்ஸ் என்னும் பெயரில் விற்பனையாயின. இங்கிலாந்திலே வழக்கொழிந்த மாதிரி கல்கத்தாவிலே மறுபிறவி எடுத்தது எனலாம். வார்ப்பும் பூச்சும் மூலத்தினும் சற்றுக் கரடுமுரடானவை எனினும், இன்று அவற்றைத் தேடித் திரட்டுவோர் பல நாடுகளில் உள்ளனர். லிவர்ப்பூல் தொழிற்சாலை 1979-இல் மூடப்பட்டது.

இனி, பொருளைப் பற்றிய வினாவுக்கு வருவோம். தொடக்க காலத்து வண்டிகள் ஈயக் கலவையால் வார்க்கப்பட்டன. ஈயம் எளிதில் உருகும்; அச்சின் நுணுக்கமான கோடுகளையும் நிரப்பும்; ஆனால் கனமானது, வளையக்கூடியது, குழந்தையின் வாய்க்குள் சென்றால் நஞ்சு. ஆகவே நாகத்தை அடிப்படையாகக் கொண்டு அலுமினியம் முதலியன சேர்த்த கலப்புலோகம் அதன் இடத்தைப் பிடித்தது. அக்கலவையிலே ஈயம் சிறிதளவு கலந்துவிட்டாலும் கேடு விளைந்தது. வார்த்துப் பல ஆண்டுகள் சென்றபின் உலோகத்தின் உள்ளே அரிப்புப் பரவும். வண்டி வீங்கி வெடித்துத் துண்டு துண்டாக உதிரும். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். உலகப் போருக்கு முந்திய வண்டிகள் பல இன்று முழு வடிவில் எஞ்சாமைக்கு இதுவே காரணம். கடற்காற்று வீசும் ஊர்களில் மாதிரிக் கார்களைப் பேணுவோர் அவற்றை ஈரம் புகாத கண்ணாடிப் பேழையில் வைப்பதும் இதனாலேயாம்.

உலோகத்தினின்று விலக்கப்பட்ட ஈயம் பூச்சிலே நிலைத்து நின்றது. பல நூற்றாண்டுகளாக வெண்ணிறப் பூச்சுக்கு முதன்மையான மூலப்பொருள் ஈய வெள்ளையே. மஞ்சளும் செம்மஞ்சளும் தந்த நிறப்பொருள்களிலும் ஈயம் கலந்திருந்தது. அதன் தீமையை உணர்ந்த சர்வதேசத் தொழில் நிறுவனம், கட்டடங்களின் உட்புறப் பூச்சில் ஈய வெள்ளையைப் பயன்படுத்துவதைத் தடுப்பதற்கு 1921-இலேயே ஓர் உடன்படிக்கையை ஏற்றது. ஆயினும் ஈயத்தை விலக்குவதற்கு அதற்கு ஈடான வேறொரு வெள்ளை கிடைத்தாக வேண்டும். அந்த வெள்ளை கரிய மணலிலே மறைந்திருந்தது.

1791-இல் இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியிலே, வில்லியம் கிரெகர் என்னும் சமயகுரு ஓடைக்கரையிற் கிடந்த கருமணலை ஆராய்ந்து, அதில் அதுவரை அறியப்படாத ஓர் உலோகம் இருப்பதைக் கண்டார். நான்காண்டுகளின் பின் செருமானிய வேதியியலறிஞர் கிளாப்ரோத் அதற்குத் தைத்தேனியம் என்று பெயரிட்டார். அதனை டைட்டேனியம் என்றும் எழுதுவர். அதன் ஒட்சைட்டு தூய வெண்மையானது. ஒளியை வைரத்தினும் மிகுதியாக வளைத்துச் சிதறச் செய்வது. எனவே மிக மெல்லிய பூச்சாயினும் அடியிலுள்ள நிறத்தை முற்றாக மறைத்துவிடும். முதலாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளிலே நோர்வேயிலும் அமெரிக்காவிலும் அதனைத் தொழின்முறையில் உற்பத்தி செய்யத் தொடங்கினர். காலப்போக்கில் ஈய வெள்ளையின் இடத்தை அது கைப்பற்றியது.

அக்கருமணலின் வளமான படிவுகளுள் ஒன்று திருகோணமலை நகருக்கு வடக்கே, கொக்கிளாய்க் கடலேரியை அடுத்துப் புல்மோட்டையில் அமைந்துள்ளது. இலங்கையின் கனிய ஆய்வுக்கு முதல் இயக்குநராக 1903-இல் பொறுப்பேற்றவர் ஆனந்த குமாரசுவாமி. நாடெங்கும் கற்களையும் மண்ணையும் ஆராயச் சென்ற அவர், வழியிலே கண்ட கம்மாளரின் கைவினையில் உள்ளம் தோய்ந்து, 1908-இல் மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டார். கனியமும் கைவினையும் தொலைவான துறைகளல்ல என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

புல்மோட்டை மணலின் பெரும்பகுதி இல்மனைற் என்னும் கனியமாகும். இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனோடு கூடியது அது. ரூற்றைல், சேர்கோன் முதலியனவும் உடனிருக்கின்றன. வடகீழ்ப் பருவக் காற்றுக் காலத்து அலைகள் மேலும் மேலும் மணலைக் கரையிற் சேர்க்கின்றன. 1957-இல் இலங்கைக் கனிய மணல் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, 1960-களின் தொடக்கத்தில் இங்கே உற்பத்தி ஆரம்பமாயிற்று. அள்ளிய மணலைக் கழுவி உலர்த்திக் காந்தப் பொறிகளினூடே செலுத்துவர். இல்மனைற்றைக் காந்தம் ஈர்த்துக்கொள்ளும். எஞ்சியதில், மின்னைக் கடத்தும் ரூற்றைலையும் கடத்தாத சேர்கோனையும் மின்னழுத்தத்தாற் பிரிப்பர். இவ்வாறு பிரித்த மணலை வாங்கிய நாடுகளுள் யப்பானும் ஒன்று. அயல்நாட்டுத் தொழிற்சாலைகளில் இல்மனைற்றைக் கந்தக அமிலத்திற் கரைத்து, இரும்பை நீக்கி, எஞ்சியதைச் சூளையிலிட்டு வெண்பொடியாக்குகின்றனர். கரியது வெண்மையாவது அங்கேதான்.

மாதிரிக் கார் கட்டுவோருக்கு அவ்வெண்பொடி எத்துணை இன்றியமையாதது என்பதை ஒரு சிறு கணக்கு விளக்கும். பூச்சின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு என்று கொள்வோம். 1:43 மாதிரியில் அது மூலக் காரின் மீது நான்கு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பூச்சுக்குச் சமம்! கதவின் விளிம்பும் மூடியின் இடைவெளியும் அதனால் அடைபட்டுப் போகும். ஆகவே பூச்சு மெல்லியதாகவும் வேண்டும், நிறத்தை மறைப்பதாகவும் வேண்டும். முதலில் வெண்மையான அடிப்பூச்சு இட்டாலன்றிச் சிவப்பும் மஞ்சளும் மங்கித் தோன்றும். அது உலர்ந்தபின் மேற்பூச்சை மென்தாரையாக விசிறுவர்; நீர்த்த கரிய வர்ணத்தைக் கதவிடுக்குகளில் ஓடவிட்டு நிழல் தோற்றுவிப்பர்; மயிரிழை போன்ற தூரிகையால் இருக்கைகளையும் விளக்குகளையும் தீட்டுவர். யப்பானின் சிசுவோக்கா நகரத்துத் தமியா நிறுவனம் இக்கலைக்குத் துல்லியத்தைத் தந்தது. மரவேலையிலே தொடங்கிய அந்நிறுவனம் 1960-இல் பிளாஸ்டிக் மாதிரிகளுக்கு மாறியது. போர்ஷே கார் ஒன்றின் உள்ளமைப்பை அறிவதற்காக அதனை விலைக்கு வாங்கி, முற்றாகக் கழற்றி ஆராய்ந்தே அதன் மாதிரியை உருவாக்கினர் என்பது இத்துறையில் பெயர்பெற்ற செய்தி.

எனினும் ஈயத்தின் கதை முடிந்துவிடவில்லை. 2007 ஆகஸ்டில், திரைப்படமொன்றின் பாத்திரமான சார்ஜ் என்னும் வார்ப்பு வண்டிகளை மட்டெல் நிறுவனம் திரும்பப் பெற நேர்ந்தது. பூச்சில் அளவுக்கு மிஞ்சிய ஈயம் காணப்பட்டமையே காரணம். அமெரிக்காவில் மாத்திரம் அவ்வாறு திரும்பப் பெறப்பட்டவை ஏறத்தாழ 2,53,000. நன்மையான வெள்ளை கிடைத்து 80 ஆண்டுகளுக்கு மேலாகியும், மலிவும் கவனக்குறைவும் பழைய நஞ்சை மீண்டும் குழந்தையின் கைக்குக் கொண்டுவந்தன. அதன்பின் அமெரிக்கா பூச்சிலே அனுமதிக்கும் ஈயத்தின் அளவைப் பத்து இலட்சத்தில் 600 பங்கிலிருந்து 90 பங்காகக் குறைத்தது. இலங்கையும் 2011-இல் வர்ணப்பூச்சிலுள்ள ஈயத்துக்கு வரம்பு விதித்தது. குழந்தைக்குத் தீங்கற்றது என்று கூறத்தக்க ஈய அளவு எதுவும் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. ஆகவே பழைய வண்டிகளைத் திரட்டுவோர் அவற்றைச் சிறுவர் வாய்க்கு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். பழம் பூச்சை உலர்ந்த நிலையிற் சுரண்டித் தூசியெழச் செய்தலும் ஆகாது.

புல்மோட்டையும் எப்போதும் அமைதியாக இருந்ததன்று. 1997-இல் மணலேற்ற வந்து நின்ற கப்பலொன்று போரின் நடுவே தாக்கப்பட்டது. பல ஆண்டுகள் தொழில் தளர்ந்தது. 2004-இன் ஆழிப்பேரலையும் கீழைக்கரை முழுவதையும் அலைக்கழித்தது. இவற்றையெல்லாம் கடந்து நிற்கும் வினா ஒன்றுண்டு. கரையிலிருந்து மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறியது. அது வெண்பொடியாகி, பூச்சாகி, பிளாஸ்டிக்காகி, விளையாட்டு வண்டியாகிப் பன்மடங்கு விலையோடு கடைத்தெருவுக்கு வந்து சேர்கின்றது. அமிலத்தையும் கழிவையும் கையாளும் அத்தொழில் எளிதன்று. பெருமுதலும் மிகுந்த எச்சரிக்கையும் வேண்டுவது. ஆயினும் மணலை விற்பவனுக்கும் அதன் நிறத்தை விற்பவனுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைப்பது எவ்வாறு என்பது இந்நாட்டவர் நெடுங்காலமாக எண்ணிவரும் பொருள்.

பனங்காய் இரண்டைத் தடியாற் கோத்து வண்டிலாக உருட்டும் சிறுவனுக்கு விகிதமும் தெரியாது, விலையும் தெரியாது. அவன் வண்டி ஒரு பருவத்தில் உலர்ந்து போகும். அடுத்த பருவத்தில் புதிதாகப் பிறக்கும். அதில் நஞ்சு ஏதும் இல்லை. தொழிற்சாலையிற் பிறக்கும் சிறுதேருக்கும் அதே தூய்மை வேண்டுமெனில், அதனைச் செய்பவனும் விற்பவனும் வாங்குபவனும் விழிப்போடிருத்தல் வேண்டும். நுணுக்கமும் பளபளப்பும் அதற்குப் பின்னர் பாராட்டத்தக்கவை.