பழைய கிளாரினெட்டும் தகடூர் தந்த அளவுகோலும்

தோற்றுவாய்

தகடூர் என்னும் பழம்பெயர் தாங்கிய தருமபுரி மண்ணுக்கும் ஔவையாருக்கும் உள்ள உறவு தமிழுலகம் நன்கறிந்தது. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவன் காட்டிய படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடியது புறநானூற்றின் 95-ஆம் பாடல். தொண்டைமானின் படைக்கருவிகள் பீலி அணிந்து, நெய் பூசப்பெற்று, காவல்மிக்க மனையில் ஒளிர்கின்றன. அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கின்றன. பொலிவு பயன்படாமையைக் காட்டும். தேய்மானம் பயன்பாட்டிற்குச் சான்றாகும் என்பதே அப்பாடல் உணர்த்தும் நுண்பொருள். படைக்கருவிக்குச் சொல்லப்பட்ட இவ்வளவுகோல் இசைக்கருவிக்கும் பொருந்துமா என்பதை, குறைந்த விலைக்குக் கைமாறும் பழைய கிளாரினெட்டைக் கொண்டு ஆராய்வது பயன்தரும்.

கிளாரினெட் தமிழகம் வந்த வழி

செருமனியின் நூரம்பர்க் நகரில் யோகான் கிறிஸ்தோப் டென்னர் என்னும் கருவி வினைஞர் 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கிய துளைக்கருவி கிளாரினெட். ஐரோப்பியப் படைகளின் வாத்தியக் குழுக்கள் இதனை உலகெங்கும் எடுத்துச் சென்றன. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னரின் அரண்மனையில் மேலைநாட்டு வாத்தியக் குழு இருந்தது. முத்துசுவாமி தீட்சிதர் மேலைநாட்டு மெட்டுகளுக்கு இயற்றிய 'நோட்டு சுவர' உருப்படிகள், அவ்விசை தமிழகத்தில் ஏற்படுத்திய தாக்கத்திற்குச் சான்றாகும். ஆடல் அரங்கிற்குரிய சின்னமேளத்தில் முகவீணை வகித்த இடத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிளாரினெட் பெற்றது. இம்மாற்றத்தை மகாதேவ நட்டுவனாரோடு இணைத்துரைப்பர் இசை வரலாற்றாளர். இருபதாம் நூற்றாண்டில் தி. பாலசரசுவதியின் ஆடல் அரங்குகளிலும் கிளாரினெட் ஒலித்தது.

பக்க இசையாக இருந்த இக்கருவியைத் தனியரங்கக் கருவியாக உயர்த்திய பெருமை, 1931-இல் பிறந்த திருச்சிராப்பள்ளி ஏ.கே.சி. நடராசனுக்குரியது. நாகசுரப் பேரறிஞர் டி.என். இராசரத்தினம் பிள்ளை அவருக்கு 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்னும் பட்டம் வழங்கினார். சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது 2008-இலும், பத்மசிறீ விருது 2022-இலும் அவரை அடைந்தன. மற்றொருபுறம், திருமண ஊர்வலங்களிலும் கோயில் விழாக்களிலும் பேண்டு வாத்தியக் குழுவினர் திரைப்பாடல்களின் மெட்டை இக்கருவியிலேயே இசைத்தனர். அரங்கக் கலைஞரும் தெருக் கலைஞரும் ஒருங்கே கையாண்ட கருவி என்பது கிளாரினெட்டின் தனிச்சிறப்பு.

ஐரோப்பியச் சந்தையின் அளவுகோல்

பழைய கிளாரினெட்டை ஐரோப்பிய வணிகர் மதிப்பிடும்போது இரண்டு குறைகளைப் பெரிதாகக் கருதுவர். முதலாவது, விசை அமைப்பு. குளோசே என்னும் இசைக்கலைஞரும் பஃபே என்னும் கருவி வினைஞரும் 1839-ஐ ஒட்டி உருவாக்கிய போம் முறை 17 விசைகளும் 6 வளையங்களும் கொண்டது. அதற்கு முற்பட்ட 13 விசை அமைப்பினின்று வளர்ந்த எளிய முறை, 'ஆல்பர்ட் முறை' எனப் பெயர் பெற்றது. மேலைநாட்டுப் பள்ளிகள் பலவும் போம் முறையையே கற்பிப்பதால் ஆல்பர்ட் கருவி அங்கு மலிவாகிவிட்டது.

இரண்டாவது, சுருதி. பழைய பிரித்தானியப் படைக்குழுக்கள் நொடிக்கு ஏறத்தாழ 452 அதிர்வுகள் கொண்ட உயர் சுருதியைக் கையாண்டன. 1939-இல் இலண்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு 440 அதிர்வுகளைப் பரிந்துரைத்தது. இவற்றிடையே உள்ள வேறுபாடு அரைக்கட்டையில் ஏறத்தாழப் பாதி. 'எச்.பி.' என்னும் ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பெற்ற உயர் சுருதிக் கருவி மேலைக் குழுக்களில் இணையாது. எனவே அழகுப்பொருளின் விலைக்கே அது விற்கப்படுகின்றது.

தமிழிசையின் அளவுகோல்

இவ்விரு குறைகளும் தமிழிசை அரங்கில் குறைகளாக நிற்பதில்லை என்பது கருதத்தக்கது. தமிழிசையின் உயிர் கமகம். சுரத்தைத் தனித்து நிறுத்தாமல் வழுக்கியும் அசைத்தும் இசைக்க விரல் துளையின்மேல் நேரே படிதல் வேண்டும். வளையங்களும் விசைகளும் குறைந்த எளிய முறை இதற்கு இடந்தருகின்றது. கர்நாடக இசைக் கிளாரினெட் கலைஞர் பலர் பழைய முறைக் கருவியையே விரும்பியதன் காரணம் இதுவே எனலாம். சுருதியும் அவ்வாறே. இங்கு ஆதார சட்சம் ஒரே அதிர்வெண்ணில் கட்டுண்டதன்று; கருவிக்கேற்பத் தம்பூரையும் மத்தளத்தையும் கூட்டிக்கொள்ளலாம். நிலைத்த சுருதியுடைய ஆர்மோனியத்தோடு இசைக்கும்போது மட்டுமே உயர் சுருதிக் கருவி இடர்ப்படும்.

கருவி செய்யும் பொருளை ஆராய்வதும் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை வரைந்த அடியார்க்கு நல்லார், குழலுக்குரிய மூங்கில், வெண்கலம், மரம் ஆகியவற்றின் இயல்புகளைப் பகுத்துக் கூறி, தம் காலத்தில் கருங்காலி பெரிதும் விரும்பப்பட்டதைச் சுட்டுவார். கிளாரினெட்டும் ஆப்பிரிக்கக் கருமரத்தால் செய்யப்படுவதே. எபோனைட் என்னும் கடினமாக்கிய இரப்பராலும் உலோகத்தாலும் செய்யப்பட்டனவும் உண்டு. வெயில் பட்ட எபோனைட் பழுப்புப் பச்சையாக மாறும்; தேய்த்தால் கந்தக மணம் வீசும். அது மரம்போல் எளிதில் வெடிப்பதில்லை; எனவே ஊர்வலக் கலைஞர்க்கு அதுவே ஏற்றதாகவும் அமையலாம்.

மதிப்பிடும் முறை

விலை மலிவான பழைய கருவியை ஆராய்வோர் மாற்றத்தக்க பழுதையும் மாற்றவியலாப் பழுதையும் வேறுபடுத்தி உணர்தல் வேண்டும். துளைமூடும் பேடுகள், இணைப்பின் தக்கை, விசையின் சுருள்வில் ஆகியன தேய்ந்திருப்பது இயல்பு, அவற்றைப் புதுப்பிக்கலாம். மேற்பகுதியில் தோன்றும் சிறு வெடிப்பையும் தேர்ந்த வினைஞர் சீர்செய்வர். ஆனால் உட்துளை கோணியிருப்பதும், சுருதியைத் திருத்தும் நோக்கில் விரல்துளைகள் அகழப்பட்டிருப்பதும் கருவியின் உயிரைக் கெடுக்கும். மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் வெவ்வேறு கருவிகளிலிருந்து இணைக்கப்பட்டனவாகவும் இருக்கலாம். இரண்டிலும் உள்ள முத்திரை ஒத்துள்ளதா எனக் காண்பது இன்றியமையாதது.

காலத்தை அறிய முத்திரை உதவும். பூசி நிறுவனமும் ஹாக்ஸ் நிறுவனமும் 1930-இல் ஒன்றிணைந்தன. ஆதலின் இரு பெயரும் சேர்ந்து பொறிக்கப்பெற்ற கருவி அதற்கு முற்பட்டதன்று. எனினும் முத்திரையை மட்டும் நம்புதல் கூடாது. ஒருவர் செய்த கருவியில் மற்றொரு வணிகர் தம் பெயரைப் பொறித்து விற்பது அந்நாளில் பெருவழக்கு.

இவற்றினும் நுட்பமான சான்று கருவியிலேயே உண்டு. விரல் பட்டுப் பட்டு மெருகேறிய துளை விளிம்பும், முலாம் தேய்ந்த விசையும் அக்கருவி பல்லாண்டு ஒலித்ததை உணர்த்தும். கெட்ட கருவியை எவரும் நெடுங்காலம் ஊதமாட்டார். முலாம் மின்னும் பழைய கருவியோ ஏன் ஊதப்படவில்லை என்னும் வினாவை எழுப்புகின்றது. தொண்டைமானின் கொட்டிலில் ஔவையார் எழுப்பியதும் இவ்வினாவே.

முடிவுரை

மின்னணு விசைப்பலகையும் ஒலிபெருக்கியும் பேண்டுக் குழுக்களின் இடத்தைச் சுருக்கிய பின்னர், கலைஞர் குடும்பங்களில் எஞ்சிய கிளாரினெட்டுகள் பழம்பொருள் வணிகரைச் சென்றடைகின்றன. வணிகர் கேட்பது ஐரோப்பியச் சந்தையின் விலை. விற்பவர் பெறுவது பெரும்பாலும் அதனினும் குறைவு. இவ்வாறு வெளியேறும் ஒவ்வொரு கருவியோடும் கமகத்திற்கு இசைந்த ஒரு குழல் தமிழிசையை விட்டு நீங்குகின்றது. எளிய முறைக் கருவிகளின் செய்முறை அருகிவிட்டதால் அவ்விழப்பை ஈடுசெய்வது அரிது. ஆதலின் ஒரு பழைய கிளாரினெட்டை விலை பேசுமுன் தேர்ந்த கலைஞர் ஒருவர் அதில் ஓர் இராகத்தை இசைத்துப் பார்த்தல் வேண்டும். இராகம் இழைந்து வருமாயின், விலை எதுவாயினும் அக்கருவி மலிவானதன்று.