தேயிலை மலையில் உயிர்ப்பின் நம்பிக்கை

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாகப் பொகவந்தலாவைக்குச் செல்லும் மலைப்பாதையில், வெள்ளைத் துரைமார் தம் வழிபாட்டுக்கெனக் கல்லால் எழுப்பிய தேவாலயங்கள் இன்றும் நிலைத்து நிற்கின்றன. டிக்கோயாவின் வார்லி ஆலயம் 1878-ஆம் ஆண்டில் எழுந்தது. பொகவந்தலாவையில் உள்ள புனித மரியாள் ஆலயத்தின் வளாகத்தில், 1879-இல் மறைந்த ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரென உலகம் போற்றும் அவர், தம் இறுதி ஆண்டுகளைக் கணவரோடு இலங்கையிலே கழித்தவர். இத்தகைய ஆலய முற்றங்களில் துயில்வோருக்குப் பெயர் பொறித்த கல் உண்டு. பிறந்த நாளும் இறந்த நாளும் உண்டு.

அந்த முற்றங்களின் மதிலுக்கு வெளியே தேயிலை மலைகள் தொடங்குகின்றன. காட்டை வெட்டிக் கோப்பியும் பின்னர் தேயிலையும் நட்ட தமிழ்த் தொழிலாளர், தலைமுறை தலைமுறையாக அம்மண்ணிலேயே புதைக்கப்பட்டனர். அவர்களுள் மிகப் பலருக்குக் கல் இல்லை; கல்லில் பெயர் இல்லை. புதைத்த இடத்தையும் செடிகள் மூடிக்கொண்டன. ஒரே மலை, ஒரே மண். ஆயினும் ஒருசாரார் நினைக்கப்படுகின்றனர், மறுசாரார் மறக்கப்படுகின்றனர். மறக்கப்பட்டவர் என்றென்றைக்கும் தொலைந்தவர்தாமோ? இவ்வினாவுக்குக் கிறிஸ்தவ சமயம் தரும் விடையே உயிர்த்தெழுதல் என்னும் நம்பிக்கை. அந்நம்பிக்கை மலையகத்துக்கு எவ்வாறு வந்தது, அங்கே எவ்வாறு பொருள் கொள்ளப்பட்டது என்பது வரலாற்றில் எண்ணிப் பார்க்கத் தக்க செய்தியாகும்.

மலையகத் தமிழர் வரலாறு 1820-களில் கோப்பிப் பயிரோடு தொடங்குகிறது. திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், திருநெல்வேலி, புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து வறுமையும் பஞ்சமும் விரட்ட, மக்கள் இராமநாதபுரக் கடற்கரைக்கு நடந்து வந்தனர். தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து நீரற்ற வன்னிக் காட்டின் ஊடாக மாத்தளைக்கும், அதற்கப்பால் கண்டி மலைகளுக்கும் கால்நடையாகவே சென்றனர். வாந்திபேதியும் வைசூரியும் காய்ச்சலும் அவ்வழியெங்கும் காத்திருந்தன. நடக்க இயலாதவர் பாதையோரத்திலேயே விடப்பட்டனர். 1840-களில் இவ்வாறு மாண்டவர் 70,000 பேர் வரையில் இருக்கலாமென 1849-இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை கணக்கிட்டது. அத்தொகை மிகையென்று பிற்கால ஆய்வாளர் சிலர் கருதுவர். தொகையில் கருத்து வேறுபாடு இருப்பினும், அப்பாதை மரணத்தின் பாதையாக இருந்தது என்பதில் ஐயமில்லை.

1867-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்பவர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1869-இல், கோப்பிச் செடியை இலைநோய் பற்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து, டிக்கோயா, டிம்புளை, நுவரெலியாப் பகுதிகள் தேயிலையால் பசுமையாயின. கோப்பிக்கு வந்தவர் பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பியவர்கள். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் பயிர். ஆகவே, தொழிலாளர் குடும்பத்தோடு லயங்களில் தங்கினர். பிறப்பும் திருமணமும் இறப்பும் தோட்டத்திலேயே நிகழலாயின.

இம்மக்களுள் பெரும்பாலார் மாரியம்மனையும் முருகனையும் வழிபடும் இந்துக்கள். கிறிஸ்தவர் என்றும் சிறுபான்மையினரே. தமிழ்நாட்டிலிருந்தே கத்தோலிக்க நெறியைக் கொணர்ந்தவரும் அவர்களுள் இருந்தனர். மலைநாட்டுக் கத்தோலிக்கருக்கென 1886-இல் கண்டி மறைமாவட்டம் அமைந்தது. அதற்கு முன்னரே, 1854-ஆம் ஆண்டில், கோப்பித் தோட்ட உரிமையாளர் சிலரின் வேண்டுகோளால் இங்கிலாந்துத் திருச்சபையின் சர்ச் மிஷனரி சங்கம் தோட்டத் தமிழரிடையே பணி தொடங்கியது. அதற்குத் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்று பெயரிட்டனர். ஒரு மக்கட் கூட்டத்தை அக்காலம் எப்பெயரால் அறிந்திருந்தது என்பதற்கு அப்பெயரே சான்று. ஆனால் அப்பணியைத் தோளில் சுமந்தவர் ஆங்கிலேயர் மட்டுமல்லர். திருநெல்வேலித் திருச்சபைகளிலிருந்து வந்த தமிழ் உபதேசியார்கள் தோட்டந்தோட்டமாக நடந்தனர்; லயத்து வாசலில் அமர்ந்து பேசினர்; எழுத்தறிவும் புகட்டினர். தொழிலாளரின் மொழியே அவர்கள் மொழி.

அவர்கள் கொணர்ந்த செய்தியின் நடுநாயகம் உயிர்த்தெழுதலாகும். தமிழ் மக்களுக்கு மரணத்துக்கு அப்பாலான வாழ்வு என்பது புதிய எண்ணம் அன்று. வினைக்கேற்ப உயிர் மீண்டும் மீண்டும் பிறவியெடுக்கும் என்பது அவர்கள் வழிவழியாக அறிந்த கொள்கை. கிறிஸ்தவம் கூறுவது அதனின் வேறானது. உயிர் மற்றோர் உடலில் வந்து பிறத்தல் என்று அது சொல்லவில்லை; உடலைத் துறந்து உயிர் மட்டும் தப்பிச் செல்லுதல் என்றும் சொல்லவில்லை. சிலுவையில் அறையுண்டு இறந்து அடக்கம் செய்யப்பட்ட இயேசுவை மூன்றாம் நாளில் கடவுள் எழுப்பினார் என்றும், அவ்வாறே இறந்தோர் அனைவரும் இறுதி நாளில், தாம் தாமாகவே, புதிய உடலோடு எழுப்பப்படுவர் என்றும் அது நம்புகிறது. ஏறத்தாழ கி.பி. 55-ஆம் ஆண்டில் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய மடலில், திருத்தூதர் பவுல் இதனை விளக்க விதையின் உவமையை எடுத்தாண்டார். மண்ணில் இட்ட வித்து மறைகிறது, ஆனால் அழிவதில்லை, வேறு வடிவில் எழுகிறது. விதைத்தும் நட்டும் வாழ்ந்த மக்களுக்கு இவ்வுவமை விளங்குவதற்கு உரையாசிரியர் வேண்டியதில்லை.

யோவான் எழுதிய நற்செய்தியில் மற்றொரு காட்சி உண்டு. இயேசுவின் கல்லறை ஒரு தோட்டத்தில் இருந்தது. விடியற்காலையில் அங்கே வந்து அழுதுகொண்டு நின்ற மகதலேனா மரியாள், உயிர்த்தெழுந்தவரைக் கண்டும் இன்னாரென்று அறியவில்லை. தோட்டத்து வேலையாள் என்றே எண்ணினாள். அவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்தார். அக்கணமே அவள் அவரை அறிந்துகொண்டாள். தோட்டம், விடியற்காலை, அழுகின்ற பெண், வேலையாள், பெயர்: இவை ஐந்தும் மலையகத்தாரின் அன்றாட வாழ்வுச் சொற்கள் அன்றோ!

இவற்றுள் ‘பெயர்’ என்ற சொல் தோட்டத்தில் தனிப்பொருள் பெற்றது. விடியலில் பெரட்டுக் களத்தில் தொழிலாளர் கூடுவர். அன்றைய வேலை பங்கிடப்படும். ஒருநாள் வேலை கணக்கில் ஏறுவதை அங்கே ‘பேர்’ என்று வழங்கினர். நிறுத்த கொழுந்து குறித்த அளவுக்குக் குறைந்தால் ‘அரைப்பேர்’. அதாவது பாதிக் கூலி. மனிதரின் பெயரே கூலியின் அளவாகி, கொழுந்தின் எடைக்கேற்பப் பாதியாகவும் வெட்டப்பட்ட இடம் அது. அத்தகைய இடத்தில், ஒருவரைக் கடவுள் முழுப்பெயர் சொல்லி அழைக்கிறார் என்றும், மரணமும் அப்பெயரை அழிக்க இயலாதென்றும் சொல்வது எளிய சொல் அன்று. மேலும், ஞானஸ்நானமும் திருமணமும் அடக்கமும் பதிவேட்டில் எழுதப்படுதல் திருச்சபையின் வழக்கம். துரையின் பெயரும் தொழிலாளியின் பெயரும் ஆங்கே ஒரே வகையான வரியில் எழுதப்படுவன.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. மிஷன் பணிக்குப் பணம் வழங்கியோருள் தோட்ட உரிமையாளரும் இருந்தனர். துன்பத்தைப் பொறுத்துக்கொள், பலன் மறுமையில் உண்டு என்று போதிக்கும் சமயம், வேலை வாங்குவோருக்கு வசதியானதே. ஏழையின் கண்ணீரைத் துடைப்பதுபோல் அவன் வாயை அடைக்கும் கருவியாகச் சமயம் பயன்படுகிறது என்ற குற்றச்சாட்டு, உலகெங்கும் எழுந்தது போலவே இங்கும் பொருந்தக் கூடியது. மறுவாழ்வைக் காட்டி இவ்வாழ்வின் அநீதியை மறக்கச் செய்த போதனைகள் கிறிஸ்தவ வரலாற்றில் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

ஆயினும், உயிர்த்தெழுதல் கொள்கையின் உட்பொருள் அத்தகைய போதனைக்கு இடந்தருவதன்று. எழுப்பப்பட்டவர் யார்? அரண்மனையில் இறந்த மன்னர் அல்லர். உரோமைய ஆளுநன் பிலாத்துவின் தீர்ப்பால் குற்றவாளியென்று கொல்லப்பட்டவர். அவரைக் கடவுள் எழுப்பினார் என்றால், அதிகாரத்தின் தீர்ப்பைக் கடவுள் தள்ளிவிட்டார் என்பதே அதன் பொருள். எழுப்பப்படுவது எது? உயிர் மட்டுமன்று, உடலும் ஆகும். கடவுள் மதிக்கும் உடலை மனிதர் பசியில் வாட விடுவதும், பத்தடி அறையில் அடைப்பதும், நோயில் கைவிடுவதும் அந்நம்பிக்கையையே மறுப்பதாகும். ஆதலால் உடலின் உயிர்ப்பை நம்புவோர் உடலின் உணவையும் உறையுளையும் மருந்தையும் குறித்துக் கவலைப்படாதிருத்தல் இயலாது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மலையகத்துக்கு வேறுவகையான மரணம் ஒன்று வந்தது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலார் நாடற்றவராயினர். உயிரோடிருந்தும் ஏட்டில் இல்லாதவர். உழைத்தும் உரிமை இல்லாதவர். 1947-இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, தேயிலையின் அடியில் நினைவுச் சின்னமின்றிக் கிடக்கும் முன்னோரைத் தம் ஆங்கிலக் கவிதையில் பாடினார். ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழிலும் வெளிவந்த அப்பாட்டு சமயப் பாட்டன்று. எனினும், இறந்தவர் மறக்கப்படலாகாது என்னும் அதன் ஏக்கம், உயிர்ப்பின் நம்பிக்கை முளைக்கும் அதே நிலத்தில் முளைத்தது.

1964-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 மக்களின் வாழ்வைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்க ஒதுக்கப்பட்டது. ஒரே லயத்தில் பிறந்தோர் இரு நாட்டினராயினர். அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற புகைவண்டியை மலையகத்தார் ‘அழுகைக் கோச்சி’ என்றனர். சென்றவர் உறவினரை மட்டுமன்றி, தாய் தந்தையரைப் புதைத்த மண்ணையும் பிரிந்து சென்றனர். இத்தகைய பிரிவில், மீண்டும் சந்திப்போம் என்பது கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வெறும் வழியனுப்புரை அன்று. அவர்கள் சமயத்தின் உறுதிமொழியாகும்.

1970-களின் முற்பகுதியில் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைப் பட்டினியில் ஆழ்த்தியது. அக்காலத்தில், 1972-ஆம் ஆண்டில், இயேசு சபைக் குரு போல் காஸ்பர்ஸ் அடிகளார் கண்டியில் ‘சத்தியோதயம்’ என்னும் நிலையத்தை நிறுவினார். சிங்களரும் தமிழரும், பௌத்தரும் இந்துவும் கிறிஸ்தவரும் அங்கே ஒன்றுகூடி, தோட்டத் தொழிலாளரின் கூலி, குடியுரிமை, வாழ்விடம் ஆகியவற்றை ஆராய்ந்தனர். அவற்றுக்காகக் குரல் எழுப்பினர். கல்லறையை நோக்கிய ஆறுதலாக மட்டும் இருந்த நம்பிக்கை, லயத்தை நோக்கிய கடமையாகவும் மாறியதற்கு இஃது ஒரு சான்று.

நாடற்றவர் நிலையை நீக்கும் சட்டம் 2003-ஆம் ஆண்டில் நிறைவேறியது. மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்த 2023-இல், கிறிஸ்தவத் திருச்சபையாரும் பிற சமயத்தாரும் சமூக அமைப்பினரும் ஒன்றுசேர்ந்து ஒரு நடைப்பயணம் மேற்கொண்டனர். ஜூலை மாத இறுதியில் தலைமன்னாரில் புறப்பட்டு, முன்னோர் நடந்த வழியே நடந்து, ஆகஸ்டில் மாத்தளையை அடைந்தனர். முன்னாளில் நோயுற்றவர் கைவிடப்பட்ட பாதையில், அவர்தம் வழித்தோன்றல்கள் அவர்களை நினைந்து நடந்தனர். வீட்டுக்கும் நிலத்துக்கும் உரிமை, நியாயமான கூலி ஆகிய வேண்டுகோள்களையும் அவர்கள் உடன் சுமந்து சென்றனர். இறந்தோரின் நினைவும் இருப்போரின் உரிமையும் அப்பயணத்தில் பிரிக்க முடியாதனவாக விளங்கின.

தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவது தோட்டத்து வழக்கம். இலையெல்லாம் போய், கட்டை மட்டும் நிற்கும். அதைப் பட்டதென்று எண்ணி எவரும் பிடுங்கி எறிவதில்லை. வாரங்கள் சென்றதும் அதே கட்டையில் கொழுந்து வருமென்று வெட்டியவரே அறிவர். இயற்கையின் துளிர்ப்பு வேறு, கடவுளின் செயலாகிய உயிர்த்தெழுதல் வேறு. ஒன்று மற்றொன்றுக்குச் சான்றாகாது. ஆனால் காத்திருத்தல் இன்னதென்பதை அச்செடி கற்பிக்கிறது. காத்திருப்போர் சும்மா இருப்பதில்லை. களை எடுப்பர், உரமிடுவர், மண் கரையாமல் காப்பர். இறந்தோர் பெயர் சொல்லி அழைக்கப்படும் ஒரு நாளை நம்புவோருக்கும் கடன் அதுவே. அந்நாள் வருமட்டும், உயிரோடிருப்போரின் பெயர் பாதியாக வெட்டப்படாதபடி காப்பது அவர்களது பொறுப்பாகும்.