யவனரைப் பிணித்த சேரன் ரோமை வென்றானா?

உயர்நிலை மூன்றில் ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், ஹானிபல் மாதிரி ரோமானியரோட சண்டை போட்ட தமிழ் ராஜா யாராவது உண்டா?" யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைக் கடந்த அந்தக் கார்த்தேஜ் தளபதியைப் பற்றிக் காணொளி பார்த்திருக்கிறான். நான் பதில் சொல்வதற்குள் பக்கத்திலிருந்தவன், "நெடுஞ்சேரலாதன் ரோமைத் தோற்கடிச்சான், இணையத்துல இருக்கு" என்றான்.

இணையத்தில் இருப்பது உண்மைதான். அப்படியே கட்டுரையில் எழுதலாமா என்பதுதான் சிக்கல்.

செய்தியின் மூலம் பதிற்றுப்பத்து. அதன் இரண்டாம் பத்தில் குமட்டூர்க் கண்ணனார் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைப் பாடுகிறார். அந்தப் பத்தின் பதிகம், கடுஞ்சொல் பேசிய யவனரை அவன் பிடித்துக் கட்டினான் என்கிறது. தலையில் நெய்யை ஊற்றி, கைகளைப் பின்னால் கட்டி, விலைமதிப்பற்ற கலன்களையும் வயிரத்தையும் கைப்பற்றி, தன் ஊருக்குக் கொண்டுவந்து பிறர்க்கு வழங்கினானாம். அவ்வளவுதான். போர்க்களம் எது, எதிரித் தலைவன் யார், எத்தனை கப்பல், ஒன்றும் இல்லை.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது. பதிகம் என்பது பத்துப் பாடல்களுக்குப் பின்னால் வரும் தொகுப்புரை. பாட்டுகளுக்குப் பிறகு எழுதிச் சேர்த்தது என்றே அறிஞர் பலர் கருதுகின்றனர். யவனர் செய்தி அங்கேதான் வருகிறது. ஆனால் அதே மன்னனின் கடல்போர், அதாவது பகைவரின் காவல்மரமான கடம்பை வெட்டியது, பாடல்களுக்குள்ளேயே வருகிறது. அகநானூற்றில் மாமூலனாரும் அதைச் சொல்கிறார். ஆக, கடம்பு வெட்டியதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட சாட்சி. யவனரைக் கட்டியதற்கு ஒரே சாட்சி, அதுவும் அரசனைப் புகழும் பக்கத்திலிருந்து.

ஹானிபல் விஷயம் இதற்கு நேர்மாறு. கி.மு. 216இல் கன்னேயில் அவன் ரோமானியப் படையை நொறுக்கியதை நமக்கு விரிவாகச் சொல்பவர்கள் பாலிபியஸும் லிவியும். இருவருமே ரோமின் பக்கம் நின்றவர்கள். தோற்றவர்களே ஒத்துக்கொண்ட தோல்வி! சேரன் கதையில் யவனர் பக்கக் குரல் நமக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து, யவனர் யார்? முதலில் கிரேக்கரைக் குறித்த சொல், பிறகு மேற்கிலிருந்து கடல்வழி வந்த எல்லாருக்கும் ஆகிவிட்டது. அகநானூறு 149இல் அவர்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பும் வணிகர்கள். முல்லைப்பாட்டில் பாசறைக் காவலர்கள். புறநானூறு 56இல் அவர்கள் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் அருந்துகிறான். ரோமப் பேரரசின் படை என்று எங்கேயும் சொல்லவில்லை.

வணிகச் சான்றோ ஏராளம். தேக்கா கடைகளில் மூட்டை மூட்டையாக இருக்கிறதே மிளகு, அதற்காகத்தான் எகிப்துத் துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் வந்தன. வியன்னாவில் இருக்கும் 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்று, முசிறியிலிருந்து சரக்கேற்றி வந்த 'ஹெர்மபோலோன்' கப்பல் தொடர்பான கடன் ஒப்பந்தத்தைப் பேசுகிறது. பிளினி தம் நூலில், முசிறிக்கு அருகே கடற்கொள்ளையர் தொல்லை என்றும், கப்பல்களில் வில்லாளிகளை ஏற்றிச் சென்றனர் என்றும் எழுதினார். கடம்பு மரத்தைக் காத்தவர்கள் இந்தக் கொள்ளையர்தாமோ என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியென்றால் சேரன் யவன வணிகத்துக்குப் பாதுகாப்பும் கொடுத்து, வம்பு செய்த யவனரைத் தண்டித்தும் இருக்கலாம். எனக்கு இந்த விளக்கம்தான் பொருத்தமாகப் படுகிறது, ஆனாலும் இது ஊகமே.

தேர்வில் எழுதும்போது "சேரன் ரோமைத் தோற்கடித்தான்" என்று எழுதினால் கேள்விக்குறி போடுவேன். "யவனரைச் சிறைப்பிடித்ததாகப் பதிற்றுப்பத்தின் இரண்டாம் பதிகம் கூறுகிறது" என்று எழுதினால் முழு மதிப்பெண். அந்த மாணவன் இதைக் கேட்டு முகம் சுளித்தான். "அப்ப ஜெயிக்கலையா டீச்சர்?" என்றான். பிடித்துக் கட்டியிருக்கிறாரே, அதுவும் நெய் ஊற்றி என்றேன். வகுப்பே சிரித்தது.