படுவான்கரையில் ஒரு தகரப்பெட்டி

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்பர். சூரியன் படும் திசையில் இருப்பதால் அப்பெயர். கடலோரப் பக்கம் எழுவான்கரை. இக்கரைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கூத்தையும் கண்ணகி வழிபாட்டையும் பாடும் மீனையும் பற்றியே எழுதுகின்றனர். நான் எழுத எடுத்துக்கொண்டது ஒரு தகரப்பெட்டியைப் பற்றி.

பத்திரிகைத் தொழிலில் நான் காலடி வைத்தது 1970களின் தொடக்கத்தில். மண்முனைத்துறையில் அப்போது பாலம் இல்லை. 2014இல்தான் அது வந்தது. பாதையில் ஏறி வாவியைக் கடந்து, விளைச்சல் பற்றிய செய்திக்காக ஒரு முதிய போடியாரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். பேச்சு வட்டைக்குள் இறங்கும் பன்றிகளைப் பற்றித் திரும்பியது. அவர் உள்ளே சென்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். பித்தளைத் தோட்டாக் கூடுகள், எரிந்த கெப்பைத் தட்டிக் கழற்றும் ஊசி, மருந்தை இறுக்கும் மரக்கட்டை, அட்டையை வட்டமாக வெட்டும் உளி, அளவுக் கிண்ணம், ஒரு சிறு தராசு ஆகியன அதிலிருந்தன. சுட்ட தோட்டாவுக்கு வீட்டிலேயே மறுபடி மருந்திடும் கருவிகள் அவை.

“இவற்றுள் எதை முதலில் வாங்கினீர்கள், போடியார்?” என்று கேட்டேன்.

“தராசைத்தான், தம்பி. மற்றவை எல்லாம் பிறகு.”

அந்த விடையின் பொருள் எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்கியது.

இப்பகுதிக்குத் துவக்கு புதியதன்று. புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டினர். 1638 மே மாதத்தில் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். மூவர் ஆட்சியிலும் துவக்கு மெல்ல மெல்லக் காட்டோர ஊர்களுக்குள் நுழைந்தது. இடியன் என்று நம்மவர் அழைக்கும் வாய்வழித் துவக்கில் ஒவ்வொரு வெடியையும் சுடுபவரே தயாரிக்க வேண்டும். மருந்தைக் கொட்டி, தும்பை அடைத்து, ஈயச் சன்னத்தை இட்டு, கம்பியால் இடித்து, கெப்பைப் பொருத்தவேண்டும். ஆகவே மருந்தை அளந்திடும் பழக்கம் தோட்டா வருவதற்கு முன்னரே எம்மவரிடம் இருந்தது.

வெள்ளைக்கார வேட்டைக்காரர்களின் கதை வேறு. 1840களில் இலங்கைக்கு வந்த சாமுவேல் பேக்கர், பிரிஸ்டலின் கிப்ஸ் செய்துகொடுத்த 21 இறாத்தல் எடையுள்ள துவக்கால் யானைகளைச் சுட்டவர். ஒரு வெடிக்கு அவர் இட்ட மருந்து 16 திராம், அதாவது ஓர் அவுன்ஸ். அக்காலத்தில் யானையைக் கொல்வதற்கு அரசே பணம் கொடுத்தது. வடக்கில் 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் 3500 யானைகள் கொல்லப்பட்டதாக எமர்சன் டெனன்ட் எழுதியுள்ளார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பின்புறமாகத் தோட்டா இடும் துவக்குகள் பரவின. தோட்டா வேண்டுமானால் பட்டினத்துக் கடைக்குச் செல்லவேண்டும், விலையும் அதிகம். சுட்ட கூட்டை எறிந்துவிட மனம் வருமா? உலகெங்கும் இதே நிலைதான். அமெரிக்காவில் 1884இல் தொடங்கிய ஐடியல் நிறுவனம் குறடு போன்ற ஒரு கைக்கருவியைச் செய்து, தொலைதூர வேட்டைக்காரர் தம் தோட்டாக்களைத் தாமே நிரப்ப வழிசெய்தது.

கருவிகளைத் தெரிவதில் போடியாருக்குத் தெளிவான காரணங்கள் இருந்தன. கடதாசிக் கூடு வாவிக்காற்றின் ஈரத்தில் ஊதி, துவக்கின் வாய்க்குள் சிக்கிக்கொள்ளும். பித்தளைக் கூடு அவ்வாறு ஊதாது. ஆயினும் கரிமருந்தின் கசடு ஈரத்தை இழுத்து உலோகத்தை அரிக்குமாதலால், சுட்ட அன்றே கழுவிவிட வேண்டும். ரைபிளின் பக்கம் அவர் போகவில்லை. ரைபிள் கூடு சுடும்போது விரிந்துவிடும். அதை மறுபடி உரிய அளவுக்கு ஒடுக்கத் துல்லியமான எஃகு அச்சு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக மருந்து பற்றிய எச்சரிக்கை உண்டு. புகையில்லா மருந்து கரிமருந்தைவிடப் பன்மடங்கு வேகமுடையது. கரிமருந்துக்குரிய கிண்ணத்தால் அதை அளந்தால் குழல் வெடித்துச் சுடுபவரின் கையையும் கண்ணையும் பறிக்கும். தராசை முதலில் வாங்கியதன் காரணம் இதுவே.

பின்னர் காலம் மாறியது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தன. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் இளைஞர்கள் வேட்டைத் துவக்குகளையும் கைக்குண்டுகளையும் ஏந்தியபின், உழவனின் துவக்கும் சந்தேகத்துக்குரிய பொருளாயிற்று. 1983க்குப் பின் நிலைமை இன்னும் கடுமையானது. உரிமம் பெற்ற துவக்கை ஒரு தரப்பு தேடிவந்து பறித்தது. வெறும் பித்தளைக் கூடு வீட்டில் இருந்தாலும் மறு தரப்பிடம் விடை சொல்லவேண்டியிருந்தது. போடியார் ஓரிரவு அந்தப் பெட்டியைத் தோணியில் ஏற்றிச் சென்று வாவியின் நடுவே இறக்கிவிட்டாராம். பல ஆண்டுகளின் பின் அவர் மகன் சொல்லக் கேட்டேன். தராசையாவது வைத்திருக்கலாமே என்று கேட்டதற்கு, “அதைக் கண்டால்தான் ஐயா கூடுதலாகச் சந்தேகப்படுவார்கள்” என்றார்.

2009இல் போர் முடிந்து மக்கள் தத்தம் வயல்களுக்குத் திரும்பியபோது யானைகளும் அங்கே நின்றன. வாகரை, கிரான், வெல்லாவெளிப் பக்கங்களில் இரவெல்லாம் விழித்திருந்து பயிர் காக்கும் குடும்பங்களின் துயரை நானறிவேன். நாடளாவிய நிலையில் 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 400க்கும் அதிகமான யானைகளும் 100க்கும் அதிகமான மனிதர்களும் மாண்டனர். மாண்ட யானைகளுள் பல, சிங்களத்தில் ‘ஹக்க பட்டாஸ்’ எனப்படும் வாய்வெடிக்கு இரையானவை. தீனிக்குள் மறைத்து வைத்த மருந்து வாயைச் சிதைக்க, உண்ண முடியாமல் நாட்கணக்கில் துடித்தே அந்த விலங்கு சாகிறது. கட்டுத்துவக்கோ யார் வருகிறார் என்று பாராமலே வெடிக்கிறது. விறகுக்குப் போனவனும் விழுகிறான்.

பழைய பெட்டிகள் திரும்பி வரவேண்டும் என்று நான் வாதாடவில்லை. உரிமமின்றி மருந்தைத் தொடுவது குற்றம். அது அப்படியே இருக்கட்டும். ஆனால், அளந்து, கழுவி, எண்ணி வைத்து, எதிரே நிற்பது எது என்று கண்டபின் சுட்ட ஒரு தலைமுறை இங்கு இருந்தது. அவர்களிடமிருந்து துவக்கை எடுத்த எவரும், பயிரைக் காக்க வேறு வழியை அவர்கள் கையில் கொடுக்கவில்லை. உரிய மின்வேலியும், உரிய காலத்தில் இழப்பீடும் படுவான்கரைக்குப் போய்ச் சேருமானால், வாய்வெடி வைக்க எவரும் காட்டுக்குள் போகமாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

அந்தத் தராசு இன்றும் வாவியின் அடியில்தான் கிடக்கிறது.