அமீர் ஹம்ஸா தாஸ்தானும் அதன் வாசகரும்: ஒரு வரலாற்று நோக்கு

நெடுங்கதைத் தொடரொன்றை முதலிலிருந்து இறுதிவரை படித்து முடித்தல் எக்காலத்துக்கும் பொதுவான செயல்போல் எமக்குத் தோன்றுகின்றது. ஆயின், அவ்வாறு படிக்கும் வாசகர் வரலாற்றின் குறிப்பிட்டதொரு கட்டத்தில் உருவானவர். உருது மொழியின் அமீர் ஹம்ஸா தாஸ்தான் இதனைத் தெளிவுறக் காட்டும். மந்திரவாதிகளும் மாயவுலகங்களும் நிறைந்த அக்கதை, 46 தொகுதிகளாக, 40,000க்கும் மேற்பட்ட பக்கங்களில் அச்சேறியது.

தாஸ்தான் அடிப்படையில் வாய்மொழிக் கலையாகும். தாஸ்தான்கோ எனப்பட்ட கதைசொல்லிகள் அரசவையிலும் செல்வர் மனையிலும் பொதுவிடங்களிலும் கதையைப் பகுதி பகுதியாகக் கூறினர். முடிப்பதிலன்றி நீட்டுவதிலேயே அவர்தம் திறன் தங்கியிருந்தது. 1856இல் பிரித்தானியர் அவத் அரசைத் தம் ஆட்சியுடன் இணைத்தனர். 1857இன் கிளர்ச்சியும் ஒடுக்கப்பட்டது. பழைய புரவலர் வர்க்கம் நலிவுற்ற நிலையில், 1858இல் முன்ஷி நவல் கிஷோர் லக்னோவில் அச்சுக்கூடம் நிறுவினார். தொடரின் புகழ்பெற்ற பகுதியான 'திலிஸ்மே ஹோஷ்ருபா'வின் முதல் நான்கு பாகங்களை 1883 முதல் 1890 வரையில் முகம்மது ஹுசைன் ஜாஹ் எழுதினார். அவர் விலகியபின் அகமது ஹுசைன் கமர் எஞ்சியவற்றை எழுதினார். இருவரும் கதைசொல்லிகளே. புரவலரின் பரிசிலை நம்பியிருந்த கலை சந்தைக்குரிய பண்டமாயிற்று. தொடக்கமும் முடிவும் தேடும் வாசகரும் இம்மாற்றத்தின் விளைவேயாவர்.

இக்கதைகள் நிலமானியச் சமுதாயத்தின் பகற்கனவுகள் என்பது முற்போக்காளரிடையே எளிதில் வழங்கும் தீர்ப்பாகும். அதற்கு முன்னரே சீர்திருத்தவாதிகள் இத்தகைய நூல்களை ஐயுற்றனர். நசீர் அகமதுவின் 'தௌபதுன் நஸூஹ்' நாவலில் (1874) தந்தை தன் மகனின் நூல்களைத் தீயிலிடுகின்றான். இத்தீர்ப்பு முற்றிலும் பிழையன்று. ஹோஷ்ருபாவில் அரசகுலத்தின் வெற்றியே இறுதி வெற்றி. எதிரிகள் சமயம் மாறினாலன்றி ஏற்கப்படுவதில்லை. எனினும், மாயப் பேரரசன் அஃப்ராசியாபைத் திணறச் செய்பவர்கள் வாள்வீரரினும் ஐயார்கள் எனப்படும் தந்திரக்காரரே. அவர்தம் தலைவன் அமர் ஒட்டகக்காரன் ஒருவனின் மகன். பேரரசனின் ஆட்சிக்குள்ளிருந்தே மஹ்ருக் என்னும் மந்திரக்காரி கலகம் செய்கின்றாள். அமர் ஒருபோதும் அரசனாவதில்லை என்பதும் உடன் மனங்கொளத்தக்கது. எதிர்ப்பும் அதன் எல்லையும் ஒரே பிரதியில் அருகருகே நிற்கின்றன. சில பக்கங்களைப் புரட்டிப் பார்ப்போருக்கு இம்முரண்பாடு புலப்படுமாறில்லை.

இவ்விடத்து பிரேம்சந்தின் சான்று முக்கியமானது. ஏறத்தாழப் பதின்மூன்று வயதில் கோரக்பூரில், புத்தகக் கடையொன்றின் பாடத்துணை நூல்களைப் பள்ளியில் விற்றுக்கொடுத்து, அதற்கு ஈடாகக் கதைநூல்களை இரவல் பெற்றுப் படித்ததாக அவர் எழுதியுள்ளார். அவ்வாறு படித்தவற்றுள் ஹோஷ்ருபாவின் பாகங்களும் இருந்தன. வறிய சிறுவனுக்கு மாயவுலகைத் திறந்து விட்டது அச்சுச் சந்தையே. அச்சிறுவனே 1936இல், ஹோஷ்ருபா அச்சான அதே லக்னோவில், முற்போக்கு எழுத்தாளர் முதல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். கனவுக்கதை வாசகரை உறங்கச் செய்யும் என்ற சூத்திரம் இங்கு பொருந்துமாறில்லை.

46 தொகுதிகளையும் தேடிச் சேர்த்து, முழுவதையும் ஆராய முற்பட்டவர் ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி (1935-2020). அவரது ஆய்வின் முதற்பகுதி 1999இல் வெளிவந்தது. வாய்மொழிக் கலையை நாவலின் அளவுகோலால் அளத்தல் தவறு என்பது அவர்தம் வாதம். நவீனத்துவ முகாமைச் சார்ந்த அவரோடு உருது முற்போக்காளர் நெடுங்காலம் முரண்பட்டனர். நாமும் பல இடங்களில் முரண்படுவோம். ஆயினும், மக்கள் விரும்பிக் கேட்டதும் படித்ததுமான இலக்கியத்தை முழுமையாகக் கற்கும் பணியை அவர் செய்தார், நாம் செய்யவில்லை. அவர் பிரதியின் கலைவிதிகளை விளக்கினார். அதனைச் சொன்னோர், அச்சிட்டோர், விலைகொடுத்தும் இரவல் பெற்றும் படித்தோர் ஆகியோரின் உறவுகளை விளக்குவது எமது பணியாகும். படித்து முடிக்குமுன் தீர்ப்பு வழங்கும் விமர்சனம் எத்துணை முற்போக்கான சொற்களில் அமையினும் பொருள்முதல்வாத விமர்சனமாகாது.